இரண்டு பேர் தூக்குகிற இன்ஜின்

மச்சா,

காலையில், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற குஜிரிக் கடை பாய் போன் செய்தார். விபத்தில் முன்பக்கம் நசுங்கிய சின்னக் கார் ஒன்று உடைக்க வந்திருக்கிறதாம், இன்ஜினுக்கு ஒரு அடியும் இல்லையாம். போனேன். கேட்டைத் தாண்டியதுமே பழைய ஆயில் வாசனை. உன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் வாசனை அது. அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

திரும்ப முடியவில்லை. போன வாரம் உன் மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டிருந்தாள். "அண்ணா, வண்டிய முடிச்சுடுங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போயிடுங்க. ஷெட்டத் தொறந்தா அதுதான் நிக்குது. தினமும் பாக்க முடியல."

உன் லிங்கராஜபுரத்து வீட்டின் பின்னால், பீன்யா ஃபாக்டரி வேலை போக மிஞ்சிய நேரத்தில் சொந்தமாக ஒரு கார் செய்ய நாம் பற்றவைத்த இரும்புச் சட்டகம் இன்னும் வெறுமையாகத்தான் நிற்கிறது. சக்கரம் இருக்கிறது, ஸ்டியரிங் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இன்ஜின் உட்கார வேண்டிய இடம் மட்டும் காலி. அதை நிரப்ப நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நான் பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்றேன். பின்னால் அவ்வளவு கனம் ஏற்றினால் திருப்பத்தில் வால் முந்திக்கொண்டு வரும் என்றாய். சரி, பைக் இன்ஜின் போடலாம் என்றேன். அதில் ரிவர்ஸ் ஏது, சந்திலிருந்து வெளியே வர ஸ்டெல்லா வந்து தள்ளுவாளா என்று சிரித்தாய். ஒருமுறை அலுமினிய இன்ஜின் ஒன்றை எடை போட்டு, இவ்வளவு லேசா என்று பிரியாணி வரை சாப்பிட்டுவிட்டோம். கியர்பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எடை போட்டது கை கழுவும்போதுதான் உறைத்தது.

கடைசியில் நீயே முடிவு கட்டினாய். இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக் மாட்டினால் ஷெட்டின் உத்தரம் தாங்காது. "நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டு பேரு தூக்கி வெச்சா உக்காரணும். அதுதான் நம்ம இன்ஜின், குரு." அப்படி ஒன்று கிடைப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனாய், உயிரோடு திரும்பவில்லை. நான் தேடுவதை விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது, மச்சா. தனியாக ஒரு போல்ட் முறுக்குவதற்குக்கூட மனசு வரவில்லை.

இன்று பாய் கடையில் அது தரையில் கிடந்தது. மூன்று சிலிண்டர், முழுக்க அலுமினியம். கியர்பாக்ஸும் கூடவே இருந்தது, அதை முதலில் பார்த்துவிட்டேன். பாய் தன் போக்கில், "ஹல்காதான் சார், கனமே இல்ல, புடிங்க" என்று அந்தப் பக்கம் குனிந்தார். நான் இந்தப் பக்கம் பிடித்தேன். தூக்க வராமல் போக வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவாயா? வரவில்லை என்றால் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுச் சட்டகத்தை உடைக்கக் கொடுத்துவிடலாம்.

வந்துவிட்டது. இடுப்பு உயரம் வரை வந்து, டெம்போவிலும் ஏறிவிட்டது. மூச்சு வாங்க நின்றுகொண்டு, நீ இல்லாமலும் அதைத் தூக்க முடிந்துவிட்டதே என்று பாய் முன்னால் அழுதேன்.