கித்துலும், பிறகு மூங்கிலும்

மச்சான், போன வெள்ளிக்கிழமை நான் ஏறிய கலகெதர பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. முதல் நாள் மழைக்கு பனை மாதிரி உயர்ந்த ஒரு கித்துல் மரம் வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அறுத்து ஓரமாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். யன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. ஈரமும் இனிப்பும் சேர்ந்து, இலேசாகப் புளித்த வாசம். மற்றவர்கள் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துப் புறுபுறுக்க, நான் இறங்கிப்போய் அறுத்த முகத்தைப் பார்த்தேன். வெளிவிளிம்பில் கறுப்பு நார் நெருக்கமாக நின்றது. உள்ளே வெளிறிய சோற்றி. வயது காணும், முற்றிய மரம். ஆனால் தண்டு ஒரு பக்கமாகத் திருகி வளர்ந்திருந்தது. நீ என்றால் கிட்டவும் போயிருக்க மாட்டாய்.

நீ போன பிறகு உனக்கென்று எதையும் நான் எழுதவில்லை. பஸ் மறுபடி புறப்பட்டபோது எழுதலாம் என்று தோன்றியது.

நாம் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். நீ யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர், நான் கலஹா தோட்டத்திலிருந்து வந்து கணக்குப் பகுதியில் உட்கார்ந்தவன். படிக்கட்டில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். ஞாயிறு காலையில் வில் பயிற்சி நடக்கிற மைதானத்தில் ஒருவரையொருவர் கண்டபோது இரண்டு பேருக்கும் ஆச்சரியம். "ஐசே, நீரும் உதுக்கு வாறனீரோ?" என்று கேட்டாய். கொஞ்ச நாளில் 'நீர்' போய் 'நீ' வந்தது. அதற்குப் பிறகு மச்சான்.

வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. உன்னுடைய வில்லின் மேல்கை வெடித்தது. பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகங்களை நாங்கள் கை என்றுதான் சொல்வோம். புதிய கை எடுப்பிக்க வழியில்லை. கடைக்காரர் கையை விரித்தார். "அப்ப மரத்தில செய்வம்," என்றாய். வில் செய்வதைப் பற்றி நம் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. உனக்கு அது ஒரு தடையாகவே படவில்லை.

எந்த மரம் என்பதில்தான் முதல் சண்டை. நீ பனை என்றாய். அதிலும் பெண்பனை. உங்கள் வீட்டுப் பழைய கூரையைப் பிரித்தபோது கிடைத்த சிலாகை ஒன்றை, சாக்கால் சுற்றி, கண்டி பஸ்ஸில் உன் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாய். நான் கித்துல் என்றேன். எங்கள் பக்கம் மரக்கைப்பிடிக்கும் உலக்கைக்கும் அதைத்தான் எடுப்பார்கள்.

"கூரைக்குள்ள அம்பது வருசம் காய்ஞ்ச மரம், மச்சான். இதைவிட என்ன வேணும்?" என்று நீ கேட்டாய்.

"கூரை வளையிறதில்லையே," என்றேன்.

உன் பனங்கை நன்றாகத்தான் வளைந்தது. மூன்றாவது முறை முழுதாக இழுத்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். எங்கே உடைந்தது என்று துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தோம். யாரோ எப்போதோ அடித்த ஆணியின் துளை, மண்ணும் தூசும் அடைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நான் பயந்து நின்றேன். நீ கன்னத்தில் இரத்தக்கீறலோடு அந்தத் துளையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நாங்கள் நல்ல மரத்தைத் தேடினம், ஐசே. உடையிற இடத்தைத் தேடேல்லை," என்றாய்.

அதற்குப் பிறகுதான் கலகெதரவிலிருந்த மரம் அறுத்து விற்கிற அந்த மரக்காலைக்குப் போனோம். முதலாளி முஸ்லிம் மனிதர். வில் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்த்தார். "ஊட்டுக் கதவுக்குக் கேக்க வருவாங்க, கட்டிலுக்கு வருவாங்க. வில்லுக்கு ஆரும் வந்ததில்ல. நல்ல தேக்கு ஈக்கி, எடுங்கொ," என்றார். தேக்கு வேண்டாம் என்று நாம் பின்பக்கம் போய், கித்துல் அடுக்கியிருந்த இடத்தில் காலை முழுவதும் நின்றோம். நீ ஒவ்வொரு துண்டின் அறுத்த முகத்தையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாய். கறுப்பு வளையம் எவ்வளவு தடிப்பு, நார் நுனிவரை நேராகப் போகிறதா, இடையில் விலகுகிறதா, வண்டு துளைத்திருக்கிறதா. நான் பின்னால் நின்று தட்டிப் பார்த்தேன். உனக்குக் கண், எனக்குக் காது. 'உது வேண்டாம்' என்பதை அன்று எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று தெரியாது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதைப் பிளக்கச் சொல்லி, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கீறுகளை எடுத்தோம். மேல்கையும் கீழ்கையும் ஒரே மரத்தில், அடுத்தடுத்து இருந்த இடத்திலிருந்து வந்தால்தான் ஒரே மாதிரி வளையும் என்று நீ படித்து வைத்திருந்தாய். என் வீட்டு அலுமாரிக்கு மேல் அவை மாதக்கணக்கில் காய்ந்தன. வெளிப்பக்கத்துக் கறுப்பு நாரைத் தொடாமல், உள்பக்கத்தை மட்டும் சீவுளியாலும் உடைந்த கண்ணாடித் துண்டாலும் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். பிடிக்குப் பலா. நாண் பூட்டி நீ முதல் அம்பை விட்டபோது மைதானத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது இறாத்தல் இழுவை, முழுதாக இழுக்க அவ்வளவு பலம் வேண்டும். நீ அதைச் சொல்லிச் சொல்லித் திரிந்தாய்.

அடுத்த ஆண்டு மழை விட்ட ஒரு காலையில் உன்னால் நாண் பூட்ட முடியவில்லை. மரம் ஈரத்தில் இறுகிவிட்டது என்றாய். ஈரத்தில் மரம் இறுகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் பூட்டித் தந்தேன். பிறகு பேனை கைநழுவியது. பிறகு சட்டைப் பொத்தான். பேராதனையில் வைத்தியர்கள் பல நாள் பார்த்து, தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைகிற நோய் என்றார்கள். மருந்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அன்று நீ ஆட்டோவில் நேரே என் வீட்டுக்கு வந்தாய்.

"வில்லைக் குறை," என்றாய்.

"சரியாகிடும் மச்சான், கொஞ்ச நாள் வச்சிருப்போம்," என்றேன்.

"விசர்க் கதை கதையாதை. நான் சரியாக மாட்டன். என்னைக் கூட்டேலாது. வில்லைக் குறைக்கலாந்தானே?"

சீவுளியை எடுத்தேன். மேல்கையில் ஒரு சுருள், கீழ்கையில் ஒரு சுருள். இழுவை முப்பது இறாத்தலுக்கு வந்தது. சில மாதத்தில் மறுபடி வந்தாய். அதற்குப் பிறகு உன்னால் வர முடியாமல் நான் சீவுளியோடு உன் வீட்டுக்கு வந்தேன். மைதானத்தில் உன்னை நடுவராக இருக்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நீயும் மரியாதையாக மறுத்தாய்.

ஒரு நாள் வில்லின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிச் சீவினா நார்தான் போகும்," என்றேன்.

"அப்ப வேற மரம் பாப்பம்."

அன்று வாசல்வரை வந்த உன் மனைவி மாலதி, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, நீங்களாவது சொல்லக் கூடாதோ? ஒரு நாளைக்கு அவருக்கு இருக்கிற பெலன் கொஞ்சம். அதையும் உந்த வில்லுக்குக் குடுத்திட்டு, சாப்பாட்டை நான் வாயில தீத்த வேண்டியிருக்கு." அவள் சொன்னதில் பிழை இல்லை. திரும்ப உன்னிடம் வந்து அப்படியே சொன்னேன். அவளைக் கூப்பிடச் சொன்னாய்.

"நீர் தீத்திறது எனக்குக் கரைச்சல் இல்லை, மாலதி," என்றாய். "இதை விட்டால் பிறகு நான் தீத்துப்படுற ஆள் மட்டுந்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கார்ச் சாவி கையில் இருந்தது. "எங்க போக வேணும்?" என்று கேட்டாள்.

கலஹா வீதியில், ஆற்றோரம், எனக்குத் தெரிந்த ஒருவரின் மூங்கில் பற்றைக்குப் போனோம். உன்னை இறக்க முடியவில்லை. கதவைத் திறந்துவைத்து, சீற்றைச் சாய்த்து, நீ பார்க்க வசதியாகக் காரைத் திருப்பி நிறுத்தினாள். நான் ஒவ்வொரு மூங்கிலாக வெட்டிக் கொண்டுவந்து உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். இளசு, பச்சை மாறாதது: வேண்டாம். கணு நெருங்கியது: வேண்டாம். உன் குரலும் அப்போது குறைந்திருந்ததால் தலையை மட்டும் அசைத்தாய். தோல் மங்கி, கணுக்கள் தள்ளி, சுவர் தடித்த ஒன்றைக் காட்டியபோது நீ கண்ணை மூடித் திறந்தாய். மாலதி அதை வாங்கி, உன் விரல்களை எடுத்து அதன்மேல் ஒருமுறை ஓட்டினாள். காரின் யன்னலால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வீட்டுக்கு வந்தோம்.

அது பத்து இறாத்தலும் வராத வில். பிள்ளைகளுக்குக் கூட அப்படிச் செய்வதில்லை. ஆனால் அந்த இரண்டு கைகளும் ஒன்றைப்போல ஒன்று வளைந்தன. நாம் செய்ததிலேயே ஒழுங்கான வில் அதுதான். மைதானத்தில் மற்றவர்கள் போன பிறகு உன்னைக் கதிரையில் இருத்தினோம். மாலதி உன் இடது முழங்கையைத் தாங்கினாள். நாணை நீயேதான் இழுத்தாய். உன் நாடிவரை வரவில்லை, நெஞ்சளவில் நின்றது. அம்பு எழும்பி, இலக்குக்குப் பாதி தூரம்கூடப் போகாமல் புல்லில் படுத்தது.

நான் அம்பு விழுந்த இடத்தையே பார்த்தேன். நீ அம்பைப் பார்க்கவில்லை. வில்லைப் பார்த்தாய்.

"வில்லில பிழை இல்லை," என்றாய். அதைச் சொல்லி முடிக்க உனக்கு நேரம் எடுத்தது. மாலதி முதலில் சிரித்தாள். பிறகு நீ. பிறகு நான்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் நீ போனாய். சுவாசம் நின்றது என்றார்கள். நான் அலுவலகத்திலிருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கித்துல் வில்லை மாலதி எனக்குத் தந்தாள். மூங்கிலை அவளே வைத்துக்கொண்டாள்.

நான் இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். இரண்டு மூன்று பேருக்குக் கை செய்து கொடுத்திருக்கிறேன். அது பழக்கம். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு என்று இந்த ஆண்டுதான் தெரிந்துகொண்டேன்.

கலஹாவில் அம்மாவுக்கு மூட்டு விட்டுப்போய்விட்டது. தோட்டத்து லயத்துத் தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தைத் தூக்கி வரும்போது இரண்டு தடவை விழுந்துவிட்டார். தம்பியும் தங்கையும் சேர்ந்து இனித் தண்ணிப் பக்கமே போகக்கூடாது என்று குடத்தை எடுத்து மச்சில் வைத்துவிட்டார்கள். அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வைத்தியரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்று அம்மாவிடம் என்னைச் சொல்லச் சொல்லி, தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். நான் சொல்லவில்லை. கண்டிச் சந்தையில் கடை கடையாக ஏறி, கழுத்து அகலமாக, கை வைக்க வசதியாக, அரைக்குடம் தண்ணீர்கூடப் பிடிக்காத சின்னக் குடம் ஒன்றைத் தேடி எடுத்தேன். கூட ஒரு ஊன்றுகோல்.

அம்மா எழுந்து உட்கார்ந்து குடத்தைத் தட்டிப் பார்த்தார். இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"இதப் போயி மொதல்லயே வாங்கியாரக் கூடாதா? நாலு நாளா பட்டினி போட்டுட்டீங்களேடா," என்றார்.

பிறகு கோலை ஊன்றிக்கொண்டு பீலிக்கு நடந்தார். தங்கை பின்னால் ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அம்மா திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன்.