அன்றைக்கு ராத்திரி அவள் எங்கே படுப்பாள்?

அக்கா,

இன்றைக்கு மத்தியானம் டிவியைப் போட்டதும் அந்தப் படம் மறுபடியும் முன்னால் வந்து நின்றது. 'தொடர்ந்து பார்க்க' என்கிற வரிசையில் முதல் படம், அதன் அடியில் முக்கால்வாசி ஓடி நின்றுபோன சிவப்புக் கோடு. உங்கள் கருமாதி முடிந்து, சேலைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாயிற்று. மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டாயிற்று. இந்தச் சிவப்புக் கோட்டை என்ன செய்வதென்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊருக்கு நாம் ஓரகத்திகள். மூத்த மருமகள் நீங்கள், இளையவள் நான். உங்கள் வீட்டுக்காரர் பெரியத்தான் கீரமங்கலம் கடைத்தெருவில் பூ வியாபாரம் பார்க்க, என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்க, இடுப்பொடிந்த மாமனாரை நம் இரண்டு பேருக்கும் நடுவில் விட்டிருந்தார்கள். தன் கட்டிலை வாசலைப் பார்த்துப் போடச் சொன்னவர் மாமாதான். கொலுசு அசைந்தால் "யாரு அங்கிட்டு?" என்பார். நிலைப்படிக்குப் பக்கத்தில் போனால் "எங்க போற?" என்பார். அவர் தலைமாட்டுக்குப் பின்சுவரில் டிவி மாட்டியிருந்ததுதான் நமக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம். படம் ஓடுவது அவர் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கக் கூடாது.

அதனால் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது கிரிக்கெட்டுக்காகச் சந்தா கட்டிய டிவியில், எந்தெந்த தேசத்துப் படமோ ஓடும். கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் உங்கள் காதுக்குள் நம் பேச்சில் சொல்வேன். பனி கொட்டுகிற ஊரில், கோட்டு போட்ட ஒரு நீதிபதி என் வாயில் "ஏந்தாயி, செத்த பொறுத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார். நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

ஒரு படத்தை நாம் எப்படிக் கொண்டாடினோம், ஞாபகம் இருக்கிறதா? கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிற கதை. "என்னமா எடுத்திருக்கான் புள்ள, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாம" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பெரியத்தான் மாமாவை ஸ்கேன் எடுக்கப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போன அன்று, ஆசையாகச் சத்தம் வைத்து அதையே திரும்பப் போட்டோம். முதல் காட்சியிலிருந்தே வயலின் அழுதது. அவள் தண்ணீர் குடித்தால் வயலின், ஜன்னலைத் திறந்தால் வயலின். நாம் கொண்டாடியது படத்தை அல்ல, நாமே அணைத்துவைத்த பட்டனைத்தான் என்று தெரிந்து நான் வெட்கப்பட்டேன். நீங்கள் வெட்கப்படவில்லை. "கொறை அந்தச் சத்தத்தை. நம்ம பாத்த படம்தான் நல்ல படம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டீர்கள்.

எனக்கு ஒன்றும் நடக்காத படங்கள் பிடிக்கும். ஒருத்தி பாத்திரம் கழுவுகிறாள், நெடுநேரம் வெளியே பார்க்கிறாள், மழை பெய்கிறது. இதில்தான் வாழ்க்கை இருக்கிறது என்று எம்.ஏ. படித்த திமிரில் உங்களுக்கு விளக்குவேன். "ஒண்ணும் நடக்காததப் பாக்க டிவி எதுக்கு? இங்கிட்டுத் திரும்பி என்னையப் பாரு" என்பீர்கள். படுக்கையில் கிடக்கும் தகப்பனை மகள் பார்த்துக்கொள்ளும் ஒரு படம், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கடைசி வரை முகத்தைச் சுளித்தபடி இருந்தீர்கள். "துணி மாத்துறத ஒரு வாட்டியாச்சும் காட்டுனானா? நோயாளி கிடக்குற வீட்டுக்கு இவன் எட்டிக்கூடப் பாத்ததில்ல." இப்போது மாமாவுக்கு நான் ஒருத்தியே துணி மாற்றுகிறேன். அந்தப் படம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

ஆனால் நம் பெரிய சண்டை முடிவுகளைப் பற்றித்தான். ஒரு படத்தில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போகிறாள். தெரு முனை வரை நடக்கிறாள். திரை இருட்டாகிறது. எனக்குப் புல்லரித்தது. நீங்கள் திரையில் மேலேறும் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"முடிஞ்சிருச்சா?"

"ஆமாக்கா. வெளிய போயிட்டால்ல."

"வாசலத் தாண்டுனதும் முடிச்சிர்றானுங்களே. அன்னைக்கு ராத்திரி அவ எங்க படுப்பா?"

அதற்குப் பெயர் திறந்த முடிவு, பார்ப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும் என்றேன். "நான் யோசிச்சுப் பாத்துட்டேன் புள்ள" என்றீர்கள். பிறகு, மாமாவின் குறட்டையை ஒரு காதில் வைத்துக்கொண்டு, உங்கள் கதையைச் சொன்னீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் மஞ்சள் பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறீர்கள். என்ன சண்டை என்பதே மறந்துபோயிற்றாம். ஆலங்குடி பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தீர்கள். "கண்டக்டர் வந்து, எங்கம்மான்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. அம்மா வீட்டுக்குப் போனா மறுநாளே கொண்டாந்து விட்டுருவாங்க. வேற ஊரு பேரே வாயில வரல." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, முல்லைக் கொல்லைகளின் ஓரமாகவே நடந்து திரும்பி வந்து, மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் போனதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. "என் படம் அம்புட்டுதான்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா, அன்றைக்கு உங்கள்மேல் அவ்வளவு பாசமாக இருந்தது.

கடைசிப் படத்திலும் ஒருத்தி கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். மாமா தண்ணீர் கேட்டார், நிறுத்தினோம். "நாளைக்குப் பாத்துக்குவோம், எங்க போயிறப் போறா" என்று எழுந்தீர்கள். மறுநாள் விடிகாலை அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான் நீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

காரியம் முடிந்த அன்று பெரியத்தான் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார். "இனிமே நீதாம்மா எல்லாம்." எல்லோரும் நெகிழ்ந்துபோய் நின்றார்கள். நான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு நான் எழுதிப் போட்டிருந்தது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். "போ, பெருசை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவரும் நீங்கள்தான். வேலை கிடைத்துவிட்டது அக்கா. நாளை, திங்கட்கிழமை, சேர வேண்டும். போனில் சொன்னதும் என் வீட்டுக்காரர், "அப்பாவ யாரு பாக்குறது?" என்றார். அப்புறம் அவர் கூப்பிடவில்லை. இத்தனை நாளும் பெரியத்தானிடம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து முழுங்கினேன்.

இன்றைக்கு அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் அழுத்தினேன். சத்தத்தையும் வைத்தேன். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் வெளியே போனாள், வெயிலில் நின்றாள், படம் முடிந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்த டைரக்டரைக் கிழித்திருப்பீர்கள்.

"யாரு அங்கிட்டு? என்ன சத்தம்?" என்றார் மாமா.

கட்டிலைச் சுற்றி வந்து, அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன்.

"நான்தான் மாமா. நாளையிலேருந்து வேலைக்குப் போறேன்."

"எங்க?"

"புதுக்கோட்டைக்கு. பள்ளிக்கூடத்துல. சாயங்கால பஸ்ஸுல வந்துருவேன்."

"மத்தியானம் எனக்குச் சோறு?"

"பெரியத்தான் போடுவாங்க. பூ யாவாரந்தான் காலையிலேயே முடிஞ்சிருதே. துணியும் அவங்களே மாத்துவாங்க."

பெரியத்தானுக்கு இது இன்னும் தெரியாது. சாப்பிட வந்ததும் சொல்ல வேண்டும். வீடு எப்படி நாறப்போகிறது என்பது எனக்குத் தெரியும். நான் நகர்ந்ததும் மாமா மறுபடி வாசலைப் பார்க்கத் தொடங்கினார்.

காலையில் போய், வேலை பார்த்து, சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்பி உலை வைக்கிறவளை எந்தத் தேசத்திலும் படமெடுக்க மாட்டார்கள். வயலின் வைக்க அதில் இடமே கிடையாது. இது விடுதலை என்று உங்களிடம் பொய் சொல்லவும் எனக்கு மனசில்லை. ராத்திரி படுப்பது இதே கூடத்தின் ஓரத்தில், மாமாவின் இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு ஒரு விடை வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

பை கட்டி வைத்துவிட்டேன், உங்கள் மஞ்சள் பை மாதிரி ஒன்றுதான். காலையில் அதே ஆலங்குடி வழிப் பஸ்தான் வரும். கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்பார் இல்லையா, எனக்குச் சொல்லத் தெரியும் அக்கா.