கை தானாய் எடுத்த சங்கு

மிசோல் தீவு

அன்பு மகன் மார்த்தெனுக்கு, சுராபாயாவில் கப்பல் பட்டறை வெயிலில் நிற்கிற உன்னைக் கர்த்தர் நிழலாய்க் காப்பார் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் வலி தேவலை, சேகோ மரம் வெட்டி மாவெடுத்தாயிற்று, மழைக்காலம் முழுக்கக் கூழுக்குக் கவலையில்லை.

உன் தங்கை யூல்சே விஷயம்தான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற பவளச் சுவரைச் சபையில் ஜெபம் பண்ணி சாசி போட்டு மூடியிருக்கிறோம், மறுபடி ஜெபித்துத் திறக்கும்வரை அங்கே யாரும் எதையும் எடுக்கக் கூடாது, கடலடியைச் சுற்றிக்காட்டும் வேலையில் சேர்ந்த இவளோ முதுகில் காற்று உருளையை மாட்டி வெளியூர்க்காரர்களை அங்கேயே கூட்டிப்போய்விட்டாள். பெண்கள் குழுத் தலைவி டோர்காஸ் அக்கா கொதித்துப்போய், பூட்டுன வீட்டுக்குள்ள பூந்துட்டு சும்மா பாத்தேன்னு சொன்னா யாருடி நம்புவா, இந்த வேலைய விட்டுரு என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டாள். நீங்களே வந்து பாருங்க பெரியம்மா, அப்புறம் விடச் சொல்லுங்க என்றாள் இவள். அக்கா பாக்கைத் துப்பிவிட்டு, நான் எதுக்கு, உங்கம்மா போகட்டும், அவளுக்குத்தான் பொய் சொல்ல வராது என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

சில நாள் யூல்சே என்னைத் துறையடியில் பழக்கினாள். நமக்கு மூச்சடக்கி முங்கித்தானே பழக்கம், அடக்காதீங்கம்மா, விடுங்க விடுங்க என்று கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு சுவரோரமாய் இறங்கினோம். இத்தனை வருடம் ஒரே மூச்சில் பார்த்ததெல்லாம் வெறும் வாசற்படிதான் மகனே, கீழே போகப் போக விசிறி விசிறியாய்ப் பவளம், இடுக்கெல்லாம் சிங்கி இறால் மீசை ஆட்டுகிறது. ஆண்டவரைத் துதித்துக்கொண்டே போன என் கண்ணில் பவளத்தில் ஒட்டியபடி உள்ளங்கை கொள்ளாத சங்கு ஒன்று பட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கை என்னைக் கேட்காமலே அதைப் பறித்துவிட்டது, இடுப்பில் பையை வேறு தேடுகிறேன். யூல்சே என் புறங்கையில் ஒரு அடி போட்டாள், சங்கை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்து, அது ஒட்டிக்கொள்ளும்வரை விரலால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவில் நடந்ததை நடந்தபடி சொன்னேன், எடுத்தது நான், தடுத்தது அவள் என்று. டோர்காஸ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மகள திருடின்னு பாத்தா அம்மால்ல திருடி, அந்தச் சுவத்துக்கு இவளையே காவல் வைங்க என்றாள். இனி யூல்சே சபையில் சொல்லிவிட்டு யாரையும் அழைத்துப் போகலாம், கை நீட்டினவர் யாரானாலும் அடிக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன்னையும் இறக்குவாளாம், இப்போதிருந்தே கையைக் கட்டிப் பழகிக்கொள், அவள் அடி வலிக்கிறது.

உன் அம்மா
செல்ஃபினா