ஓடைக்கரைத் தரிசு

சமயநல்லூர்,
மாசி மாதம், 1938

என் அன்பானவளுக்கு,

உடம்பு தேறி வருகிறதா? இதை நீயே எழுத்துக்கூட்டிப் படி. உன் அண்ணனிடம் கொடுக்காதே.

புது ரோடு இனி நம் ஊர் வயல்களை அறுத்துக்கொண்டு போகாது. கல் ஊன்ற வந்தவர்களை ஊரே திரண்டு மறித்தது. பிறகு மனு எழுத என்னிடம் வந்தார்கள். காசிமாயன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள, மேக்கே ஓடைக்கரையக் காட்டி எழுது. அம்புட்டும் தரிசுதான!" என்றார். அறுபது வீட்டுச் சோற்றுக்கு முன்னால் நான் என்ன சொல்ல? எழுதினேன். மேலிடத்திலும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஊரில் என்னைத் தோளில் தூக்காத குறைதான்.

நேற்று ஓடைக்கரையில் கல் ஊன்றினார்கள். மூன்றாவது கல் ஓர் ஆவாரஞ்செடியை ஒட்டி நிற்கிறது.

ஐப்பசியில் நம் மகளை நான் துணியில் சுற்றி மார்போடு அணைத்துத் தூக்கிப் போனபோது, பெண்கள் அங்கே வரக்கூடாதென்று உன்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். பச்சைப்பிள்ளைக்கு மேடு எழுப்பும் வழக்கமும் இல்லை. அடையாளத்துக்கு நான்தான் அந்தச் செடியை நட்டேன். "எந்த எடமுன்னு மட்டும் காட்டுங்க" என்று நீ கேட்டு வந்த கடிதங்கள் நான்கும் என்னிடம் இருக்கின்றன.

பங்குனி பிறந்ததும் சரளை வண்டிகள் வருமாம். அதற்குள் வந்துவிடு. யார் தடுத்தாலும் கூட்டிப் போகிறேன்.

மனுவின் கடைசி வரியை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் எழுதினேன்: 'மேற்படி இடத்தில் யாருக்கும் உரியது எதுவும் இல்லை.'

இப்படிக்கு,
அவளுடைய அப்பா