சுத்தியலுக்குத் தப்பிய விளக்கு

என் கண்மணி வுன்பினிக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் அக்ராவில் நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அப்பாவின் இருமல் அப்படியேதான் இருக்கிறது, பழைய சாமான் பிரிக்கிற கொட்டகையில் ஒயரை எரிக்காதீர்கள் என்றால், "எரிக்காம செம்பு என்ன தானா நடந்து வருமா?" என்கிறார்.

நீ செய்து அனுப்பிய இரண்டு விளக்கும் வந்தன. நீ சொன்னபடியே, கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது உன் பெயரைச் சொல்லாமல் ஒன்றை அப்பாவிடம் நீட்டி, பழசு, பிரித்துப் போடுங்கள் என்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை, சுத்தியலால் ஒரே போடு, நீ பார்த்துப் பார்த்துச் செய்தது நொறுங்கிப்போயிற்று. "ஐயோ, அது உங்க மக செஞ்சதுங்க!" என்று கத்திவிட்டேன். மனுஷர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "இன்னொண்ணு இருக்கா?" என்றார். அதை வாங்கிச் சட்டையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், டப்பென்று திறந்துகொண்டது. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். ஒயருக்குள் நீ வைத்த நூலை இழுத்ததும் உறை பிளந்து செம்பு தனியாக வந்துவிட்டது, நெருப்பும் இல்லை புகையும் இல்லை. பக்கத்துக் கொட்டகை அபுகாரி எட்டிப் பார்த்து, "என்ன இத்ரிஸு, சாமான் பிரிக்கிறியா, வாழைப்பழம் உரிக்கிறியா?" என்று கேட்க, "எம் மக செஞ்சதுடா, எண்ணெய்க் கையால தொடாதே!" என்றாரே பார்க்கலாம். அவர் கையைவிட அபுகாரியின் கை சுத்தம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திங்கள்கிழமை உன் விளக்குக் கம்பெனி முதலாளிகள், பிரிக்கிற மாதிரி வேண்டாம், பசை போட்டு ஒட்டினால் செலவு குறையும் என்று மறுபடி ஆரம்பித்தால் தலை குனியாதே. என் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள் என்று சொல். முதல் விளக்கு நொறுங்கியதையும் மறைக்காதே. அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் படம் போடச் சொல், இங்கே எதையும் முதலில் தொடுவது சுத்தியல்தான்.

அந்தச் செம்பை அன்றைக்கே விற்றிருப்பார் என்று நினைத்தேன். நேற்று மாலை கரண்ட் போனது, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து பார்க்கிறேன், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒயருக்கு டேப் சுற்றி, தொழுகைப் பாய் அருகே உன் விளக்கை ஏற்றி வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் பிரித்ததை மாட்டி நான் பார்த்ததே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போ. உன் கைவேலையில் அல்லாஹ் பரக்கத் செய்வான். கட்டைவிரல் படத்தை மறந்துவிடாதே.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கும்
அம்மா ஃபுசெய்னா