தாள்வயலில் நிறப் பந்துகள்

5 மார்ச் 2017, ஞாயிறு
கூரியரில் கோல்ஃப் பந்து வந்துவிட்டது. ஒரு டஜன். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, பிங்க், நிறத்துக்கு மூன்று. என் வீட்டுக்காரர் காபியைக்கூடக் குடிக்காமல் பெட்டியைப் பிரித்தார்.

வெலிங்டனில் ராணுவத்தில் இருந்தபோது அவருக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இந்தக் கோல்ஃப். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, அறுப்பு முடிந்த எங்கள் வயல்தான் மைதானம். புதைத்து வைத்த பெயின்ட் டப்பாதான் குழி. பழைய போஸ்ட்மாஸ்டர் நாகநாதன் கூட ஆடுவார். மூன்றாவது ஆள் நான். மோசமாக ஆடுவேன்.

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை. கருகியது போக மிச்சத்தை அறுத்தோம், உளுந்தும் தெளிக்கவில்லை. வெள்ளைப் பந்து அறுத்த நெல் தாளுக்குள் போனால் தெரியவில்லை என்று இரண்டு மாதமாக அவருக்குக் குறை. "கலர்ல இருந்தா பாத்துக்கலாம் விண்ணரசி."

7 மார்ச்
மஞ்சள். தாளும் மஞ்சள், பந்தும் மஞ்சள். இரண்டு தொலைந்தன. நாகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

12 மார்ச்
ஆரஞ்சு. அவர் அடித்தது அருமையான அடி, வரப்பை ஒட்டிப் போய் நின்றது. ஆனால் அவர் வேறு பக்கம் நடந்தார். "வெயில் கண்ணுல அடிக்குதுடி" என்றார்.

வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

14 மார்ச்
பச்சை. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று கத்தினார். எனக்கு நன்றாகத் தெரிந்ததே? கேட்கவில்லை.

19 மார்ச், ஞாயிறு
பிங்க்.

"ரோட்டுலேர்ந்தே தெரியும் ஹவில்தார், என்னா பளிச்சுன்னு இருக்கு!" என்றார் நாகநாதன். பந்து என் வீட்டுக்காரர் காலுக்கு நாலடியில் கிடந்தது. அவர் குனிந்தார். உட்கார்ந்தார். தாளைக் கையால் தடவ ஆரம்பித்தார். அங்கே ஒரு தடவல், இங்கே ஒரு தடவல்.

நாகநாதன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சத்தமில்லாமல் போய்ப் பந்தைக் காலால் தள்ளி அவர் கைக்குப் பக்கத்தில் விட்டேன்.

"கிடைச்சிருச்சு!" என்று தூக்கிக் காட்டினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். ஆறு மாதமாகப் பேப்பரை என்னையே படிக்கச் சொல்கிறார். "நீ படிச்சாதான் நல்லாருக்கு, டீச்சர் குரல்" என்பார். பூரித்துப் போய்ப் படித்தேனே. முப்பது வருஷம் பிள்ளைகளைக் கவனித்தவள், பக்கத்தில் படுத்திருப்பவரைக் கவனிக்கவில்லை.

23 மார்ச்
தஞ்சாவூர், கண் ஆஸ்பத்திரி. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டதாம். இடது கண் முழுக்கப் போயிற்று. வலதில் நிழல் மாதிரி கொஞ்சம். "போனது வராதும்மா. இருக்குறதக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் திரும்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவர் சொன்னார்: "யாருக்கும் சொல்லாத."

2 ஏப்ரல்
வயலில் நாலு பேர். அளக்கும் மெஷின், சிவப்புத் துணி கட்டிய கம்பு. எரிவாயுக் குழாயும் அதற்கு ஒரு நிலையமுமாம். ஊரே கூட்டம் போட்டு மறுத்த விஷயம். "யாரக் கேட்டு வந்தீங்க?" என்றேன். "சார் சம்மதம் குடுத்துட்டாரேம்மா" என்று நகலை நீட்டினார் ஒருவர்.

அவர் கையெழுத்தேதான். கோட்டில் இல்லை, அச்சடித்த எழுத்துகளின் மேலேயே சாய்ந்து ஓடுகிறது. ஜனவரி இருபத்தொன்று. நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாள்.

வீட்டுக்குள் போய் அவரிடம் கேட்டேன்: "என்னன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினான் அவன்?"

"சும்மா அளந்து பாக்க உள்ள வரணும், அதுக்குன்னான். படிச்சுப் பாத்துப் போடுங்க சார்னு நீட்டினான்."

"படிச்சீங்களா?"

"படிக்கிற மாதிரி பாத்தேன்."

3 ஏப்ரல்
அது யார் நிலம்? என் மாமனார் கூலிக்குக் கதிர் அறுத்த நிலம். கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், நில உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா வாங்கினார். எழுபத்து மூன்றில் அந்தத் தாளை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரெல்லாம் ஆளைத் தேடிப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தாராம்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் யாரு?

9 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு
கோவிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அடுத்த வயல்காரி அம்சம் வாசலில் வைத்தே கேட்டாள்: "எதுக்குண்ணே வித்தீங்க?" அவர் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். வழியில், "சொல்லிடுங்க, கண்ணு தெரியாமப் போட்டேன்னு" என்றேன்.

"வித்தவன்னு சொல்லட்டும். குருடன்னு சொல்ல வேணாம்."

11 ஏப்ரல்
நாகநாதன் வந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

30 மே
குழாய்க்கு நாங்கள் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை மேல் விசாரணை. ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். டாக்டர் சர்ட்டிஃபிகேட்டை நான்தான் கொடுத்தேன். பேசச் சொல்லி அவரை நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அவராகவே எழுந்தார். அதிகாரியின் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சார், எனக்குக் கண்ணு தெரியாது. அந்தப் பேப்பர நான் படிக்கல" என்றார்.

"தெரியலன்னா ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"வெக்கம் சார்."

அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படி இறங்கும்போது நாகநாதன் அவர் முழங்கையைப் பிடித்தார். உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை.

18 ஆகஸ்ட்
பதில் வந்தது. கையெழுத்து அவருடையதே, ஆகையால் ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. முழுக்கப் படித்தேன். "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

3 செப்டம்பர்
வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

22 அக்டோபர், ஞாயிறு
வாய்க்காலில் தண்ணீர். சுற்றிலும் நடவு. காலையில் அம்சம் வந்தாள், அவரிடம்தான் பேசினாள். "குழாய் வேணாம்னு ரோட்டுல உக்காரப் போறோம் அண்ணே. நீங்க வரணும்." போய் வெயிலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டார்கள்.

வரும்போது ரோட்டு முனையிலேயே நின்றுவிட்டார். "என்ன சத்தம் அது?"

லாரி என்று பொய் சொல்லியிருக்கலாம்.

"நம்ம வயல்ல மண்ணு வெட்டுறாங்க."

"எந்தப் பக்கம்?"

"தெக்கு மூல."

"ஆழமாவா?"

"ஆமாங்க. ஆழமாத்தான்."

தலையை ஆட்டினார். பிறகு என் தோளில் கை வைத்து, "போலாம்" என்றார்.