கூட்டம் நடந்தது பஸ்ஸில்தான்

பக்கத்து லேபில் யாரோ சால்டரிங் செய்கிறார்கள். கண்ணாடிக் கதவைத் தாண்டி அந்தப் புகை வாசனை என் மேசைவரை வருகிறது. வைட்ஃபீல்டின் இந்த ஏசி அறையில் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அசதியாக இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் சொல்லவும் ஆளில்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் நாம் சர்க்யூட் போர்டு செய்த காலம். வெள்ளிக்கிழமைதோறும் அசெம்பிளி லைன் பெண்கள் கூடி, வேலையில் எங்கே சிக்கல் என்று பேச வேண்டும் என்றது கம்பெனி. முதல் கூட்டத்தில் பிஸ்கட் தீர்ந்ததே தவிர ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசர் எதிரே உட்கார்ந்திருந்தால் எவள் பேசுவாள்? நீதான் எழுந்தாய். "கெபாசிட்டரைத் தலைகீழாப் போட்டு ஒரு பேட்ச் போர்டையே கெடுத்தவ நான்தான். எனக்குத் துணைக்கு வேற யாருப்பா இருக்கீங்க?" கொஞ்ச நேரத்தில் அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. கன்னடத்துப் பெண்கள்கூட அரைகுறைத் தமிழில் குறுக்கே பாய்ந்தார்கள்.

உன்னை லைன் லீடர் ஆக்க வேண்டிய சமயத்தில், புது மேனேஜர், சூப்பர்வைசர் குறித்துக் கொடுத்திருந்த அதே கெபாசிட்டர் கதையை எடுத்துவைத்து இல்லையென்றுவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

அடுத்த வெள்ளி எல்லோரும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்தோம், நீயும்தான். சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பியதும் சீட்டில் மண்டிபோட்டுப் பின்பக்கம் திரும்பினாய். "இப்ப சொல்லுங்கடி, இந்த வாரம் யாருக்கு என்ன சொதப்பிச்சு?" அதற்குப் பிறகு கூட்டம் பஸ்ஸில்தான். நீ ஆஸ்டின் டவுனில் இறங்கும்வரை ஓயாது.

"பட்டது போதாதாடி?" என்று கேட்டேன்.

"பேசுனது தப்பில்லடி. அந்த சூப்பர்வைசர் முன்னாடி பேசுனேன் பாரு, அதான்."

இன்று நான் மேலாளர். இங்கேயும் வாராவாரம் கூட்டம், வந்தால் பாயின்ட், பேசினால் பாயின்ட். என் டீம் பிள்ளைகள் லேப்டாப்பை விட்டுத் தலை நிமிர்வதில்லை. நானும் எத்தனையோ விதமாகக் கெஞ்சிப் பார்த்தேன். இன்று காலை, யார் என்ன தப்பை ஒத்துக்கொண்டார்கள் என்று பெயரோடு அனுப்பச் சொன்னார்கள் மேலே, அப்ரைசலுக்காம். அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் பயந்தது என்னைப் பார்த்து.

அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கும் போகவில்லை, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். இப்போது கூட்ட அறைக்குள் ஒரே சத்தம். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. நாளை மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். போகட்டும், இவர்கள் பேசட்டும்.